இடது காலின் சூடு

பீர் முகம்மதுவின் இடது காலில் நான்கு விரல்கள்தான். ஐந்தாவதை இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் தின்று சில வருஷங்கள் ஆகின்றன. விரல் கறுத்து அழுகியபோதுகூட அவர் வலிக்கிறது என்று சொன்னதில்லை. வலித்தால்தானே சொல்வதற்கு? அந்த நோயின் குணமே அதுதான். காலைக் கடிப்பதற்கு முன்னால் காலின் வாயைக் கட்டிவிடும். சாக்ஸில் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தது அவர் மனைவி ஹபீபா. அதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. "உன் கண்ணுக்கு வேற எதுவுமே தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அவருக்குத் துணிக்கடை. கைலி, சொங்கோக் தொப்பி, பெண்களுக்கான தொழுகைத் துணி எல்லாம் கிடைக்கும். நோன்பு மாதம் வந்துவிட்டால் அந்தக் கடையில் உட்கார நாற்காலியும் இருக்காது, நேரமும் இருக்காது. இந்த வருஷமும் மாதம் முழுக்க நின்றபடியே விற்றார். பெருநாள் முடிந்து கடை கொஞ்சம் மூச்சு விட்ட வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. அவருக்கும் ஹபீபாவுக்கும் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது.

இந்த நாட்டில் ஹஜ்ஜுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வாழ்நாள் வேலை. அவர்கள் பதிந்தபோது மகன் நுஃமானுக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது அவனும் கடையைப் பார்த்துக்கொள்கிறான், அவன் நெற்றியில் முடி ஏறத் தொடங்கிவிட்டது. பீர் முகம்மதுவின் அத்தா பெயர் பதிந்து, காத்திருந்து, பெயர் வராமலே மௌத்தாகிவிட்டார். அதனால் செய்தி வந்த அன்று இவர் குழந்தை மாதிரி அழுதார். ஹபீபா அழவில்லை. அலமாரியைத் திறந்து, ஹஜ்ஜுக்கென்று எப்போதோ தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை எடுத்து வெயிலில் போட்டாள்.

இனி மருத்துவச் சோதனை. ரத்தம், இருதயம், நுரையீரல் எல்லாம் தேறின. அரசாங்க கிளினிக்கில் இருந்த டாக்டர் கடைசியாக இவருடைய சாக்ஸைக் கழற்றச் சொன்னார். நான்கு விரலைப் பார்த்தார். "காலுக்கு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கால் கிளினிக். நடக்க முடியாதவர்கள் வரும் இடத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ, நல்லவேளையாக லிஃப்ட் இருந்தது. டாக்டர் நிலானி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், செந்தூலில் பிறந்து வளர்ந்தவள். முகத்தில் பட்டென்று சிரிப்பு வரும், கேள்வி கேட்கும்போது அது போய்விடும். இருவரையும் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்தாள். செருப்பு, சாக்ஸ் கழற்றி, கால்களை நீட்டி, ஒன்றோடு ஒன்று படாமல் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும் என்றாள்.

"ஊசியா டாக்டர்?" என்று கேட்டார் பீர் முகம்மது.

"ஊசியும் இல்ல, கரண்டும் இல்ல அங்கிள். தொடவே மாட்டோம். எல்லா உடம்பும் சூட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்லா, நம்ம கண்ணுக்குத் தெரியாது. இந்த கேமராவுக்குத் தெரியும். உங்க காலு தானா என்ன சொல்லுதோ அதை மட்டும் கேட்டுக்கும்."

கேமரா கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. அவருடைய உள்ளங்கால்களுக்கு நேரே பிடித்தாள். சுவரில் இருந்த திரையில் இரண்டு பாதங்கள் எழும்பின. வலது பாதம் பச்சையும் நீலமுமாக, மழைக்குப் பிறகான வாழையிலை மாதிரி குளிர்ந்து கிடந்தது. இடது பாதத்தின் நடுவில் சிவப்பாக ஒரு திட்டு, அந்தச் சிவப்புக்குள் வெள்ளை. படத்தைப் புரிந்துகொள்ள ஹபீபாவுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

நிலானியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "அங்கிள், ரெண்டு காலும் ஒரே உடம்போடது. ஒரே ரத்தம், ஒரே ரூம். அப்ப ஒன்னு மட்டும் ஏன் சூடா இருக்கணும்?"

அவளே அன்று எக்ஸ்ரேயும் எடுக்கச் செய்தாள். அதில் எலும்பெல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. நிலானி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எக்ஸ்ரேயில தெரியுறதுக்கு ரொம்ப முன்னாடியே சூடு வந்துடும். இனிப்புநீர்க்காரங்களுக்கு உணர்ச்சி செத்துப்போன கால்ல எலும்பு உள்ளுக்குள்ளயே நொறுங்கும், அவங்க அது மேல நடந்துக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு அது ஆரம்பிச்சிருக்கோன்னு எனக்குப் பயமா இருக்கு. இந்தப் படத்தை மட்டும் வெச்சு நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். எங்க பார்க்கணும்னு இது கை காட்டும், அவ்வளவுதான். ரெண்டு வாரம் அந்தக் காலை ஊனாதீங்க. மறுபடி எடுப்போம். சூடு இறங்கியிருந்தா நானே ரிப்போர்ட் எழுதித் தர்றேன்."

"இறங்கலைன்னா?"

"மாவுக்கட்டு. சில மாசம். ஹஜ் இந்த வருஷம் முடியாது. அங்க எவ்வளவு நடக்கணும்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நொறுங்கின பாதத்துல அப்படி நடந்தா திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போயிடும் அங்கிள். நான் பார்த்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு மூன்று நாள் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு, "கடையில போய் உட்கார்ந்துக்கிறேன், வீட்ல உட்கார்ந்தா என்ன, அங்க உட்கார்ந்தா என்ன?" என்று கிளம்பினார். வியாபாரி கடையில் உட்காருவதாவது! வாடிக்கையாளர் படியேறினால் அவர் கால் தானாக எழும். மகன் சொல்லியும் கேட்கவில்லை, ஹபீபா கெஞ்சியும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வந்து கை கொடுத்து முஸாஃபஹா செய்து, "ஹாஜியார் ஆகப் போறீங்க, எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் உணர்ச்சியில்லாத ஒரு கால் எந்த மூலைக்கு?

இரண்டாம் தடவை போனபோது கிளினிக்கில் கூட்டம். வாணி என்ற உதவிப் பெண் இவர்களை அதே குளிர் அறையில் உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, "டாக்டர் பக்கத்து ரூம்ல பேஷன்ட் பார்க்கிறாங்க, வந்துடுவாங்க" என்று போனாள். கால் நீட்டி உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்தார்.

"லுஹர் நேரம் வந்துருச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள தொழுதுடுறேன்."

"இன்னும் நேரம் கிடக்குதே, வீட்டுக்குப் போய்த் தொழுதுக்கலாமே" என்றாள் ஹபீபா.

"தொழுகையை ஒத்திப் போடச் சொல்றியா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த முஸ்லிம் மனைவி வாயைத் திறப்பாள்? அவர் அறையோடு சேர்ந்த குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொழுகைக்கு முன்னால் கழுவி ஒளு செய்யும் சத்தம் ஹபீபாவுக்குப் பழக்கமான சத்தம். அவர் ஒளு செய்வதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, காது, பிறகு கால்கள். எதற்கும் மூன்று தடவைக்கு மேல் தண்ணீர் கிடையாது. பள்ளிவாசல் குழாயடியில் யாராவது கூடுதலாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் பக்கத்தில் போய், "தம்பி, ஆத்தங்கரையில உட்கார்ந்து செஞ்சாலும் விரயம் கூடாது" என்று குழாயை மூடிவிட்டு வருகிற ஆள் அவர். அதற்காகவே அவரைக் கண்டால் இளவட்டங்கள் அடுத்த குழாய்க்கு ஓடுவார்கள்.

வலது காலுக்கு மூன்று தடவை தண்ணீர் விழுந்தது. பிறகு இடது கால். தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. ஹபீபா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாசீன் சூராவில் பாதியை ஓதி முடித்திருக்கலாம், அவ்வளவு நேரம் அந்தக் குழாய் ஓடியது. முதலில் அவள் காலில் ஏதாவது அழுக்கு என்று நினைத்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது.

கதவைத் திறந்து வந்தார். கால்சட்டையின் வலது ஓரம் காய்ந்திருந்தது, இடது ஓரம் கெண்டைக்கால் வரை நனைந்திருந்தது. கால்களை நன்றாகத் துடைத்திருந்தார். மூலையில் துண்டை விரித்துத் தக்பீர் கட்டினார். முதுகு நிமிர்ந்து, கண் தாழ்ந்து, வழக்கம்போல அழகாகத்தான் தொழுதார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, அந்த நனைந்த ஓரத்தையே பார்த்தாள்.

நிலானி வேகமாக உள்ளே வந்தாள். "சாரி அங்கிள், காக்க வெச்சிட்டேன். டீ, காப்பி எதாச்சும் குடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"சிகரெட்?"

"அஸ்தஃபிருல்லாஹ். கிடையாது."

"காலுக்குத் தைலம், கிரீம்?"

"ஒன்னும் போடலை."

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய்யில்லை. தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கேட்காமல் விட்ட கேள்விக்குள் எதையும் மறைக்கலாம் போலிருக்கிறது.

திரையில் இரண்டு பாதங்களும் பச்சையாக எழும்பின. இடது பாதத்தின் நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள், அவ்வளவே. நிலானி அளவைப் படித்தாள், மறுபடி படித்தாள், சிரித்தாள். "நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கீங்க அங்கிள். ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்னு நீங்கதான் சொல்லணும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பீர் முகம்மது.

ஹபீபா பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் வரை வந்தது. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் அவருடைய பயணம் மட்டும் இல்லை, அவளுடையதும் இருந்தது. தொலைக்காட்சியில் கஃபாவைக் காட்டும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தவள் அவள். அந்த முற்றத்தில் எந்தப் பக்கம் நின்று முதல் துஆவைக் கேட்பது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவளும் மனுஷிதானே? நிலானி ரிப்போர்ட் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், இவர்கள் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருந்தபோது, கேட்காமலே போய் அவளுக்குத் தின்னச் சூடாக இரண்டு கரிபாப் வாங்கி வந்தார். கேட்டாலே வாங்கித் தர மறக்கிறவர். ரயிலில் முழுக்க அவர்தான் பேசினார். மினாவில் கூடாரம் எப்படி இருக்கும், மதீனாவில் பேரீச்சம்பழம் எந்தக் கடையில் நல்லது, போய் வந்தவர்கள் சொன்னதையெல்லாம் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சுக்குக் குறுகுறுப்பு மட்டும் இல்லை, பேச்சும் அதிகம் வரும். ஹபீபா கரிபாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அது ஆறிப்போனது.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவர் ஹாலில் சோபாவில் சாய்ந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையால் அவருடைய வலது பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. இடது பாதத்தைத் தொட்டாள். சோற்றுப் பானையின் பக்கம் மாதிரி சுட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க" என்றாள். "இன்னைக்கு அங்க தொழுதீங்களே, அந்த ஒளு கூடுமா?"

அவர் கண்ணைத் திறந்தார். அவள் கை தம் காலில் இருப்பதை அப்போதுதான் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டார்.

"என்ன கேட்கிற நீ?"

"அல்லாஹ்வுக்காகக் கழுவினீங்களா, கேமராவுக்காகக் கழுவினீங்களான்னு கேட்கிறேன்."

தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார்சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

"எங்க அத்தா போகாமலே மௌத்தாயிட்டாரு" என்றார் கடைசியில். "எனக்கு அறுபத்தி நாலு. இப்ப விட்டா இன்னொரு தடவை கூப்பிடுவாங்கன்னு என்ன உத்தரவாதம்? கூப்பிட்டது அல்லாஹ். அந்தக் கேமரா யாரு நடுவுல?"

"அந்தச் சூட்டை வெச்சதும் அவன்தானே?"

"போனா கால்தானே போகும்? அந்த மண்ணுல போகட்டும்."

"கால் உங்களுது மட்டுமா?" என்றாள் ஹபீபா. "நீங்க ஒத்தக்காலோட வந்து உட்கார்ந்தா தூக்கிவிடப் போறது யாரு? இருபத்திநாலு மணி நேரமும் பக்கத்துல நின்னு, நான் அன்னைக்கு வாயைத் திறக்கலையேன்னு செத்துச் செத்துப் பிழைக்கப் போறது யாரு? பொய்யைத் தூக்கிக்கிட்டு அல்லாஹ் வீட்டுக்கு எப்படிங்க போறது? எனக்கு அங்க நின்னா துஆ வராது."

"உனக்குப் போக ஆசை இல்லை. அதான் பேசுற."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்துகொண்டாள். எத்தனையோ சொல்லைப் பொறுத்திருக்கிறாள், இதுதான் எலும்பு வரை போனது.

மறுநாள் காலை அவள் நிலானிக்குப் போன் செய்தாள். சமையலறையில் நின்றுகொண்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினாள்.

"டாக்டர், அவங்க படம் எடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் காலைத் தண்ணியில வெச்சிருந்தாங்க. ரொம்ப நேரம். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும், சொல்லலை."

"நான் கேட்டிருக்கணும் ஆன்டி" என்றாள் நிலானி. "தண்ணி பட்டா மேல்தோல் குளிர்ந்துடும், கேமரா மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ள எரியுறது கொஞ்ச நேரத்துக்கு மறைஞ்சிடும். எனக்கு இது தெரியும், இருந்தும் கேட்கலை." பிறகு மெதுவாக, "நீங்க போன் பண்றது அங்கிளுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. இப்பவே சொல்லிடுவேன்."

சொன்னாள். சர்க்கரை போடாத தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். அவர் திட்டவில்லை, தட்டை வீசவில்லை. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

நுஃமான் காரை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாவது தடவை நிலானியே அறையில் கூட உட்கார்ந்திருந்தாள், குளியலறைக் கதவு சாத்தியே இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கிளினிக்கில் யார் வந்தாலும் தண்ணீரைப் பற்றியும் கேட்கிறார்கள். திரையில் இடது பாதம் எழும்பியபோது நுஃமான் "யா அல்லாஹ்" என்றான். சிவப்புத் திட்டு முதல் தடவையைவிடப் பெரிதாகி, கணுக்கால் பக்கம் ஏறியிருந்தது. நிலானி அத்தோடு நிற்கவில்லை, அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினாள். உள்ளே நடுப்பாதத்தில் இரண்டு எலும்புகளில் கீறல் விட்டிருந்தது. பீர் முகம்மது அந்த எலும்புகளின்மேல் நின்றுதான் இத்தனை நாளாகக் கைலி விற்றிருக்கிறார்.

"இன்னும் இடிஞ்சு விழலை" என்றாள் நிலானி. "இப்ப பிடிச்சிட்டோம். காலைக் காப்பாத்திடலாம்."

முழங்கால் வரை மாவுக்கட்டு ஏறியது. ஹஜ் இல்லை என்று முடிவானது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று ஹஜ் அலுவலகத்தில் கேட்டதற்கு, விண்ணப்பித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஹபீபாவோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "நுஃமான், உங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்பார். உங்கம்மா இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவளும் தண்ணீரை நுஃமானிடம் கொடுத்துத்தான் அனுப்புவாள். நடுவில் மாட்டிக்கொண்ட அவன் தபால்காரனாகிப் போனான். ஆனால் குளிப்பாட்டுவது, கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றுவது, தோள் கொடுத்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவள்தான். அவர் அவள் தோளில் கை வைத்துச் சாய்வார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவளுடைய பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது. இப்போதெல்லாம் பெண்கள் குழுவோடு தனியாகப் போகிறார்கள். மருமகள் உஸ்மா சொன்னாள், "மாமி, நீங்க போய்ட்டு வாங்க. மாமாவை நாங்க பார்த்துக்குறோம் லா. நீங்க எதுக்கு விடணும்?"

ஹபீபாவுக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. எவ்வளவு ஆசை என்று சொல்லி முடியாது. ஆனால் அவர் வாயிலிருந்து "போ" என்று ஒரு சொல் வர வேண்டும் என்று இருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலடியில் உட்கார்ந்து கட்டைத் துடைத்தாள், சாப்பாட்டை வைத்துவிட்டுச் சற்று நின்றாள், வெள்ளை உடுப்பை அவர் கண்ணில் படும்படி மடித்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளில் அவள் நுஃமானைக் கூட்டிக்கொண்டு ஹஜ் அலுவலகத்துக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியில் காரில் அழுதாள். வீட்டு வாசலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள்.

சில நாள் கழித்து, மாலை, சேகு தாவூது வந்தார். பாசாரில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர், பீர் முகம்மதுவோடு சேர்ந்து பெயர் பதிந்தவர். அவரும் மனைவியும் மறுநாள் புறப்படுகிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பழகிய வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது இவர்களிடத்தில் முறை. திரும்பி வருவோமோ மாட்டோமோ, யார் மனத்தாங்கலையும் சுமந்துகொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது.

சேகு தாவூது கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் நின்றார். பிறகு பீர் முகம்மதுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "காக்கா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி, நான் ஏதாச்சும் மனசு நோக நடந்திருந்தா பொறுத்துக்கங்க. உங்களுக்காக அங்க கேட்பேன்." ஹபீபாவைப் பார்த்து, "தங்கச்சி, நீங்களும் பொறுத்துக்கங்க" என்றார்.

"பொறுத்தாச்சு, நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றாள் அவள். பீர் முகம்மதுவும் சொன்னார். வந்தவர் போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

வீட்டில் இருவர் மட்டும்தான். ஹபீபா தேநீர்க் கிளாஸ்களை எடுக்கக் குனிந்தாள்.

"நீயாவது போயிருக்கலாம்" என்றார்.

அவளுக்கு நேராக, இத்தனை நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"போன்னு சொன்னீங்களா?"

"சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

அவர் கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாய் வரை வந்துச்சு. நான் இங்க கெடக்க, நீ மட்டும் அங்க போய் நிக்கிறதை நினைச்சா மனசு இடம் குடுக்கலை. பொறாமை, ஹபீபா. வேற ஒன்னும் இல்ல. உனக்கு ஆசையில்லைன்னு வேற சொன்னேன். நீ அந்த உடுப்பை மடிக்கிறப்பல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." மூச்சு விட்டார். "என்னைப் பொறுத்துக்க."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"எங்க போறீங்க, பொறுத்துக்கச் சொல்றதுக்கு?"

"எங்கயும் போகலை. போறவங்கல்லாம் கேட்டுட்டுப் போயிடுறாங்க. உன்னோடயே கெடக்கப் போறவன் கேட்க வேணாமா?"

ஹபீபா அவரைப் பார்த்தாள். வயசாகிவிட்டது, கண்ணுக்குக் கீழே தொங்கிவிட்டது, கன்னத்தில் ஈரம். நீங்கள் இல்லாவிட்டால் எனக்குக் கஃபா எதற்கு என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் அது பொய். அவளுக்குக் கஃபா வேண்டித்தான் இருந்தது. இப்போதும் வேண்டும். டாக்டரிடம் ஒரு பொய்க்குத் துணை நின்றது போதும், இவரிடம் இன்னொன்று வேண்டாம்.

"இப்பப் பொறுக்க மாட்டேன்" என்றாள். "இப்படிச் சாஞ்சு கெடந்துக்கிட்டுக் கேட்டா பாவமா இருக்கு, நான் பொறுத்துட்டேன்னு சொல்லிடுவேன். அது வேணாம். கட்டைப் பிரிச்சு, ரெண்டு காலையும் ஊனி என் முன்னாடி வந்து நின்னு கேளுங்க. அப்பச் சொல்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க அந்தக் காலை ஊனினா, அப்புறம் எப்பவுமே கேட்க வேணாம்."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவள் தலையணையை உதறி, அவருடைய இடது காலைக் கட்டோடு இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தாள்.